மேற்குச் சுவரின் முந்நூற்று அறுபது கற்கள்

அக்டோபர் 3, வெள்ளி

இன்று மெரிதாவிலிருந்து வந்த கணவனும் மனைவியும். இரண்டு பேருக்குத் தனி வழிகாட்டியாகக் காலை எட்டிலிருந்து மாலை நான்கு வரை நான். அவர்கள் ஊர்ப் பக்கம் மலை மலையாகப் பிரமிடுகள், அதனால் பிரமிடு ஒன்றும் புதிதல்ல. "இது குட்டியா இருக்கே" என்றார் கணவர், வேனை விட்டு இறங்கும்போதே. நான் கோபித்துக்கொள்ளவில்லை. வகுப்பில் உயரம் குறைந்த பிள்ளையை முதல் வரிசையில் உட்கார வைப்போம் இல்லையா? பக்கத்தில் வந்தால்தான் முகம் தெரியும். அவர்களை நேரே மேற்குச் சுவருக்கு நடத்திப் போனேன்.

பெரிய கற்களுக்கு நடுவே பூசிய சுண்ணாம்புச் சாந்தில், கொண்டைக்கடலை அளவில் கறுப்புக் கூழாங்கற்கள். இங்கே மூன்று, அங்கே ஐந்து, சில இடத்தில் இரண்டு என்று கூட்டம் கூட்டமாக. மொத்தம் முந்நூற்று அறுபது. வலது ஓரத்தில் ஒரு கதவளவு இடத்தில் மட்டும் ஒன்றுகூட இல்லை. முன்னோர்களின் ஆண்டு இருபது நாள் கொண்ட பதினெட்டு மாதம். அது முந்நூற்று அறுபது. மிச்சம் ஐந்து நாளுக்குப் பெயர் கிடையாது, நல்ல காரியம் எதுவும் தொடங்க மாட்டார்கள். கல் இல்லாத இடம் அந்த ஐந்து நாள். அதற்குள் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி, மறுபடி பிறக்கக் காத்திருக்கும் சூரியன்.

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேன் ஓட்டும் நபோர் இதை நாற்பது முறையாவது கேட்டிருப்பான். இன்றும் இறங்கி வந்து நின்று கேட்டான்.

நான் எழுதும் புத்தகத்தில் கடைசி அத்தியாயம் மட்டும்தான் பாக்கி. 'நாட்களின் சுவர்'. முப்பத்து நான்கு ஆண்டு ஐந்தாம் வகுப்புக்கு அடுத்தவர் எழுதிய புத்தகத்தைப் படித்துக் காட்டினேன். இது நான் கண்டுபிடித்தது.

அக்டோபர் 9, வியாழன்

நகராட்சியில் கலாச்சாரப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் ருத்திலியோ கூப்பிட்டு அனுப்பினான். என்னிடம் படித்தவன். பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுவான், ஆனால் கையெழுத்து அழகாக இருக்கும்.

"டீச்சர், ஊருக்கு ஒரு அடையாளம் வேணும்னு தவிச்சுட்டிருந்தேன். நீங்க ஒரு சுவரையே தூக்கிக் குடுத்துட்டீங்க!"

நவம்பர் பத்தாம் தேதி புத்தகம் அச்சுக்குப் போகிறது. முப்பதாம் தேதி, எங்கள் ஊரின் பாதுகாவலரான புனித ஆந்திரேசின் திருவிழாவில் வெளியீடு. முந்நூற்று அறுபது பிள்ளைகள் செவ்வந்திப் பூ பிடித்து ஆட வேண்டுமாம். ஐந்து பேர் வெறுங்கையோடு நிற்பார்களாம்.

"நம்ம பள்ளிக்கூடத்துல மொத்தமே இருநூத்திப் பன்னெண்டு பேர்தானேடா?"

"பக்கத்து ஊர்ல கேட்டிருக்கேன், டீச்சர். நாள் குறையக் கூடாதுல்ல!"

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தனியாகச் சிரித்தேன்.

ஒரு சிறு முள். வழிகாட்டிப் பயிற்சியில் ஒருவர் போகிற போக்கில் சொன்னார்: பழுது பார்ப்பவர்கள் சில இடங்களில் புதுச் சாந்தில் கூழாங்கல் பதிப்பதுண்டு, பழையது எது புதியது எது என்று தெரிவதற்காக. என் நோட்டிலேயே இருக்கிறது. ஆனால் அடையாளத்துக்கு என்றால் உப்புத் தூவுவது போல அல்லவா தூவியிருப்பார்கள்? இவை கூட்டம் கூட்டமாக இருக்கின்றனவே. அருங்காட்சியகப் பலகையில் '1964இல் சுவர் சுத்தம் செய்யப்பட்டது' என்று ஒரே ஒரு வரி. சுத்தம் செய்வது வேறு, கட்டுவது வேறு.

அக்டோபர் 18, சனி

மெதுவாக எழுத வேண்டும். நடந்ததை நடந்தபடி.

பொபோகாதெபெத் எரிமலை இன்று காலையிலிருந்தே புகைந்துகொண்டிருந்தது. "தோன் கோயோ சுருட்டு பத்த வெச்சுட்டாரு" என்றான் நபோர். மலைக்கு இங்கே அதுதான் செல்லப்பெயர். வந்தவர்கள் இரண்டு பேர். ஒப்துலியா, பூவெப்லாவில் மருத்துவமனை நர்ஸ். அவருடைய அப்பா தோன் மசெதோனியோ, எண்பத்து நான்கு வயது. அப்பாவின் பிறந்தநாளுக்கு மகள் இந்த ஒரு நாளைப் பரிசாகக் கொடுத்திருந்தார்.

"பிரமிடு கட்டுனேன், பிரமிடு கட்டுனேன்னு சின்ன வயசுலேர்ந்து சொல்லிக்கிட்டே இருப்பாரு" என்றார் வேனில். "எங்க வீட்ல அது ஒரு ஜோக். யாராச்சும் பெருசா அளந்து விட்டா, 'ஆமா ஆமா, நீயும் பிரமிடு கட்டுனவன்தான்'னு சொல்லுவோம்."

பெரியவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்வாசலில் நான் சொன்ன எதையும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தடியை ஊன்றிக்கொண்டு, வழி கேட்காமல், மேற்குச் சுவருக்குப் போய்விட்டார். அங்கே தொப்பியைக் கழற்றினார். நான் வழக்கம்போலத் தொடங்கினேன்: பதினெட்டு மாதம், இருபது நாள், முந்நூற்று அறுபது கற்கள்.

"எண்ணுனீங்களா?" என்று கேட்டார்.

"மூணு தடவை."

"பாவம்" என்றார்.

பிறகு கயிற்றுக்கு அந்தப் பக்கம் கையை நீட்டிச் சாந்தைத் தடவினார். "அப்பா, தொடாதீங்க!" என்று மகள் பதறினார்.

"நான் பூசுன சுவரைத் தொட நான் யாரைக் கேக்கணும்?" என் பக்கம் திரும்பினார். "டீச்சரம்மா, கோவிச்சுக்காதீங்க. இந்தக் கல்லெல்லாம் நாங்க வெச்சது."

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால்—

"முட்டி உயரத்துக்கு மேல எல்லாம் சரிஞ்சு கெடந்துச்சு. அறுபத்தி நாலுல நாங்க நாலு பேர் எடுத்துக் கட்டுனோம். புதுசா பூசுற எடத்துல எல்லாம் கல்லு பதிக்கச் சொல்லி இன்ஜினியர் உத்தரவு. பின்னாடி வர்றவங்க ஏமாந்துடக் கூடாது பாருங்க, அதுக்குத்தான்."

பின்னால் நபோருக்கு இருமல் வந்தது. இருமல் இல்லை அது.

நான் விடவில்லை. மூன்று, ஐந்து, இரண்டு என்று ஏன் கூட்டமாக இருக்கிறது என்று கேட்டேன். அவர் தரையிலிருந்து சரளைக் கற்களை மூன்று விரலால் அள்ளிக் காட்டினார்.

"இது என் கை. மூணு விரல்ல அள்ளுனா மூணுதான் வரும். கிறிஸ்பினுக்கு முறம் மாதிரி கை, அவன் அஞ்சு. ரெண்டு ரெண்டா இருக்கே, அது லாதிஸ்லாவோ. கல்லு விழுந்து அவனுக்கு ரெண்டு வெரல்தான் மிச்சம். நாலாமத்த ஆளு மேஸ்திரி. அவரு எதையும் பதிக்கல, நெழல்ல ஒக்காந்திருந்தாரு."

"அப்போ அந்த வெறும் இடம்?"

முதல் தடவையாகப் பெரியவர் தலையைக் குனிந்தார். "அது மே மூணு" என்றார்.

சிலுவைத் திருநாள். கொத்தனார்களின் நாள். கட்டடத்தின் உச்சியில் பூச்சிலுவை நட்டு, மோலே குழம்புச் சோறு சாப்பிட்டு, பூல்கே கள் குடிப்பார்கள். அன்று வேலை செய்யக் கூடாது. ஆனால் குழைத்த சாந்து காய்ந்துவிடுமே என்று, குடித்த பிறகு வந்து பூசியிருக்கிறார்கள். பூசினார்கள், கல் பதிக்க மறந்துவிட்டார்கள்.

"மறுநாள் இன்ஜினியர் வெச்ச திட்டு இன்னும் காதுல கேக்குது."

பெயரில்லாத ஐந்து நாள்!

ஒப்துலியா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது பெரியவருடைய தொலைபேசி எண்ணை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 19

வயதானவர். எந்தச் சுவர் என்று மறந்திருக்கலாம்.

அக்டோபர் 21, செவ்வாய்

காலையில் பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். முதல் முறை எண்ணியது 357. இரண்டாம் முறை 362. மூன்றாம் முறை 360. அதோடு நிறுத்திவிட்டேன்.

ஏன் நான்காம் முறை எண்ணவில்லை?

இவ்வளவு ஆண்டுகளாகப் பிள்ளைகளிடம் என்ன சொன்னேன்? புத்தகத்தின் கடைசிப் பக்கத்து விடையைப் பார்த்துவிட்டு அதற்குத் தகுந்தபடி கணக்கை வளைக்காதே, வழியைக் காட்டு, மதிப்பெண் வழிக்குத்தான். ருத்திலியோவை இதற்காகவே எத்தனை முறை எழுந்து நிற்கச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் சிவப்புப் புள்ளி? அதற்கு மட்டும் ஒரு முழு அத்தியாயம் எழுதியிருக்கிறேன். சனிக்கிழமை அதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அதற்குள் எல்லாம் கவிழ்ந்துவிட்டது. அவருக்கு அது தெரியாவிட்டால், அவருடைய சுவர் வேறு, என் சுவர் வேறு.

அக்டோபர் 24, வெள்ளி

தொலைபேசியில் கூப்பிட்டேன். தேர்வெழுதுகிறவருக்குத் துப்புக் கொடுக்கக் கூடாது. சிவப்பு என்ற சொல்லே வராமல் கேட்டேன். "தோன் மசெதோனியோ, அந்தக் கல்லில்லாத எடத்துல வேற எதாவது வெச்சீங்களா?"

முதலில் வந்தது ஒரு சிரிப்பு. எண்பத்து நான்கு வயதுக் குரலுக்குள்ளிருந்து இருபத்து மூன்று வயதுச் சிரிப்பு.

"கிறிஸ்பின் ஒரு பீர் மூடிய அமுக்கி விட்டான். கல்லுக்குப் பதிலா இது இருக்கட்டும்னான். முட்டி உயரத்துக்குக் கொஞ்சம் மேல, எடது ஓரமா பாருங்க. இந்நேரம் துரு புடிச்சிருக்கும்."

அக்டோபர் 25, சனி

காவலரிடம் அனுமதி வாங்கி, கயிற்றைத் தாண்டி, மண்டியிட்டேன். வண்ணம் தீட்டும் தூரிகையால் தூசியைத் தட்டினேன். என் சூரியனைச் சுற்றி மடிப்பு மடிப்பாகத் தகரப் பல்.

எண்ணாமல் இருக்க முடியவில்லை. இருபத்தொன்று. இருபதாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ, கடவுளே.

சிரிப்புதான் வந்தது. வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை. நான்கு ஆண்டுகள். எத்தனை பேரை அந்தச் சுவர் முன்னால் நிறுத்தியிருப்பேன்? மெரிதா அம்மாள் கண்ணைத் துடைத்தாரே. ஒரு பீர் மூடிக்கு.

நவம்பர் 2

இறந்தோர் நாள். கணவரின் படத்துக்குப் பக்கத்தில் கிறிஸ்பினுக்கும் லாதிஸ்லாவோவுக்கும் ஆளுக்கொரு மெழுகுவர்த்தி வைத்தேன். இருவரும் என்றோ போய்விட்டார்களாம், முகம் தெரியாதவர்கள். ஆனால் கையைத் தெரியும்.

நவம்பர் 5, புதன்

கையெழுத்துப் பிரதியைத் திருப்பிக் கேட்டேன். ருத்திலியோ நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டான்.

"ஒரு பீர் மூடிக்காக ஒரு ஊரையே கவுக்குறீங்களே, டீச்சர்!"

"ஊரு நல்லாத்தான் இருக்கு. கவுந்தது நான்."

"யாருக்கு என்ன நஷ்டம்? வர்றவங்க சந்தோஷமாப் போறாங்க. அந்தப் பெரியவரு இன்னும் எத்தனை நாளைக்கு இருப்பாரு? அவருக்கப்புறம் யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே."

அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பிள்ளைகள் ஒத்திகை பார்த்துவிட்டார்கள்; நடனத்தை நிறுத்த முடியாது. சரி, புத்தகம் வேண்டாம், மேடையேறி இரண்டு நிமிடம் வாழ்த்தினால் போதும், சுவரைப் பற்றி வாயைத் திறக்க வேண்டாம் என்றான். கெஞ்சினான். யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

யோசிக்கிறேன் என்றால் என்ன அர்த்தம்? பயப்படுகிறேன் என்று அர்த்தம். இந்த ஊரில் பாதிப் பேருக்கு நான்தான் பிழை திருத்தினேன். சிவப்பு மையால்.

நவம்பர் 27, வியாழன்

சந்தையில் மூன்று பேர் நிறுத்திக் கை குலுக்கினார்கள். "டீச்சர், நம்ம நாட்காட்டி!" மூன்று பேருக்கும் "ஆமாம்" என்றேன். வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை.

நவம்பர் 30, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

பிள்ளைகள் அழகாக ஆடினார்கள். பூ பிடித்தவர்கள் முந்நூறுகூட இருக்க மாட்டார்கள், யார் எண்ணப் போகிறார்கள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "இதுல ஒரு தப்பு இருக்கு, அதைப் பண்ணது நான்" என்று தொடங்கினேன். அதற்குப் பிறகு சுலபமாக இருந்தது. வகுப்பு எடுப்பது போலத்தான். மூன்று விரலை நீட்டிக் காட்டினேன், பிறகு ஐந்து, பிறகு இரண்டு. மூடியைச் சொன்னபோது சதுக்கமே சிரித்தது. மே மூன்றாம் தேதியைச் சொன்னபோது பின்னால் நின்ற கொத்தனார்கள் விசிலடித்தார்கள், சிலுவைத் திருநாளே மறுபடி வந்துவிட்டது போல.

"அப்போ இந்தப் பூவெல்லாம் என்ன பண்றது, டீச்சர்?" என்று யாரோ கத்தினார்கள்.

பதில் சொல்வதற்குள் பாண்டு வாத்தியம் தொடங்கிவிட்டது. ருத்திலியோ என் பக்கம் திரும்பவே இல்லை.

டிசம்பர் 4

இரண்டு பேர் பயணத்தை ரத்து செய்திருக்கிறார்கள். நாட்காட்டி இல்லையென்றால் எதற்கு வர வேண்டுமாம். நபோர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான்.

மாலையில் ஒப்துலியாவிடமிருந்து அழைப்பு. சதுக்கத்தில் நான் பேசியதை யாரோ படம் பிடித்து அனுப்பி, அது சுற்றிச் சுற்றி அவர்கள் குடும்பத்துக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

டிசம்பர் 13, சனி

இரண்டு வேன், பதினான்கு பேர். மகன்கள், மருமகள்கள், மான்தெர்ரேயிலிருந்து வந்த மூத்த மருமகன் ஃபிதென்சியோ, ஒரு மருமகளின் இடுப்பில் ஒரு கைக்குழந்தை. முன்வாசலில் யாரும் நிற்கவில்லை. நேரே மேற்குச் சுவர்.

நான் வாயைத் திறக்கும் முன்பே தோன் மசெதோனியோ தடியால் கோடு காட்டத் தொடங்கிவிட்டார். கறுப்புக் கல் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது. அதற்குக் கீழே கை வைக்காதே, அது நம்முடையது இல்லை. ஒவ்வொருவரையும் கூப்பிட்டு மூன்று விரலை அந்த மூன்று கல் மேல் வைக்கச் சொன்னார். மகன்களும் வைத்தார்கள். ஒப்துலியா வைத்தார், கையை எடுக்கவே இல்லை. நான் வரிசையில் கடைசியாக நின்றேன், பார்க்க வந்தவள் போல. எத்தனை முறை இந்தச் சுவரின் முன் நின்றிருக்கிறேன்! அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கும் சாந்து கொஞ்சம் மஞ்சள் நிறம் என்பது இன்றுதான் கண்ணில் பட்டது.

ஃபிதென்சியோ மட்டும் இடுப்பில் கை வைத்து, மேலே நிமிர்ந்து முழுப் பிரமிடையும் பார்த்தார். "சரி மாமா, இந்தச் சுவரை ஒத்துக்கிட்டோம். மத்தது எல்லாம்?"

எல்லோரும் சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. அவரும் அண்ணாந்து பார்த்தார், வேலையைச் சரிபார்க்கிறவர் போல, படி படியாக, உச்சி வரைக்கும்.

"அதுவா?" என்றார். "அது எனக்கு முந்தி வேலை பாத்தவங்க. நல்ல கைக்காரங்க."