வலது காலுக்கான குட்டைக் கட்டை

ஓஸ்லோ, பிப்ரவரி 1934

அன்புள்ள அப்பாவுக்கு,

குன்வோர் எழுதுகிறேன். நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

பனித் தெய்வம் ஸ்காதி எங்கிருந்து வந்தாள் என்று எங்கள் பேராசிரியர் வியாழக்கிழமை பேசுகிறார். வடக்கே மான் மேய்ப்பவர்களின் தெய்வம் என்பார்கள் சிலர். இவரோ, குழந்தைகளைக் காத்தவள் என்கிறார். ஆதாரம், நம் ஊர்ச் சதுப்பில் கிடைத்த அந்தக் குட்டையான பனிச்சறுக்குக் கட்டை. ஏதோ குழந்தையின் காணிக்கையாம்!

அது வலது காலால் உந்துகிற கட்டை, இடது காலுக்கு நீளமானது தனியாக உண்டு என்று நீங்கள் எழுதியதை நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

"உங்கப்பாவுக்கு மரம் வெட்டத் தெரியும். புராணத்த என்னத்த கண்டாரு?" என்று சிரித்து, கடிதத்தைக் குப்பையில் போட்டார்.

"சரிங்க ஐயா" என்றேன். அவருடைய உரையை ஒரு பிழையும் இல்லாமல் தட்டச்சு செய்து கொடுத்துவிட்டேன்.

கம்பளிக் காலுறையும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் அனுப்புங்கள். தனியாகச் சாப்பிட்டால் இங்கே எதுவும் இறங்குவதில்லை. கூடவே உங்கள் சறுக்குக் கட்டைகளை, நீளமும் குட்டையுமாக, செவ்வாய்க்கிழமை ரயிலில் ஏற்றிவிடுங்கள். வியாழக்கிழமை உரைக்கு எனக்கு முன்வரிசையில் இடம்.

பேராசிரியர் கூப்பிடுகிறார், முடிக்கிறேன். தேவர்கள் கொன்ற தன் அப்பாவுக்காக ஸ்காதி அவர்கள் முன் ஆயுதத்தோடு போய் நின்றாள். எனக்கு அந்தக் கட்டை ஜோடி போதும்.

உங்கள் மகள்,
குன்வோர்