சலவைத்தூள் மாற்றிய தேதி

மார்ச் 4, செவ்வாய்

வீட்டில் இருந்தவர்கள்: நான், அவர், பிரசவம் வரை எங்களோடு இருக்க வந்திருக்கும் மகள், அவளைக் கொண்டுவந்து விட்ட மருமகன். ஆக நாலு பேர். எட்டு மாத வயிற்றையும் சேர்த்தால் ஐந்து. மருமகன் கிளம்பும்போது வயிற்றுப் பக்கம் குனிந்து, "அப்பா திரும்பி வர்ற வரைக்கும் வெளிய வந்துடாதே, என்ன?" என்றார்.

சலவைத்தூள் புது வகை பிரித்தேன். நுரை அதிகம்.

மார்ச் 7

குட்டிக்கு உள்ளங்கை அரிக்கிறதாம். பிள்ளை பெறப் போகிறவளை இன்னும் குட்டி என்றுதான் கூப்பிடுகிறோம். உள்ளங்காலும் அரிக்கிறதாம். தடிப்பு ஒன்றும் காணோம்.

மார்ச் 9

ராத்திரியெல்லாம் சீப்பால் காலைச் சொறிந்திருக்கிறாள். "டாக்டருக்கு ஒரு போன் போடட்டுமாம்மா?" என்றாள். அடுத்த பரிசோதனை இருபதாம் தேதிதான். இரு என்று சொல்லி நோட்டைப் புரட்டினேன். நாலாம் தேதி புதுத் தூள். ஏழாம் தேதி அரிப்பு. இதற்கு மேல் என்ன வேண்டும்? விரல் வைத்துக் காட்டினேன்.

அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "உங்கம்மா நோட்டுல பதியாம இந்த வீட்ல தும்மக்கூட முடியாது. சரியாத்தான் இருக்கும்" என்றார். குட்டியும் சிரித்துவிட்டாள். பள்ளிக்கூடம் மிதிக்காமல் நானாக எழுத்துக் கூட்டிப் படித்தவள் நான். கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

மார்ச் 10

புதுத் தூளில் அலசிய அத்தனையையும் பழைய சோப்பில் மறுபடி துவைத்தேன். போர்வை 3. அவள் உடுப்பு 14. குழந்தைக்கு வாங்கி வைத்த சின்னத் துணி 9. இடுப்பு விட்டுப்போயிற்று. பிரார்த்தனைக்கு உட்கார்ந்தவள் அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன். கடவுள் பொறுத்துக்கொள்ளட்டும்.

மார்ச் 13

அரிப்பு குறையவில்லை. "உடம்புல ஊறினது போக நாளாகும்" என்றேன். சிறுநீர் டீத்தண்ணி மாதிரி போகிறதாம். தண்ணீர் குடிப்பது போதவில்லை. இனி தினம் பத்து டம்ளர்.

மார்ச் 16

பத்து டம்ளர். அரிப்பு உண்டு.

மார்ச் 18

காலையிலிருந்து அசைவு தெரியவில்லை என்றாள். ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

மார்ச் 19

பெண். தலை நிறைய முடி. அழவே இல்லை.

மார்ச் 22

டாக்டரம்மா எங்களை உட்கார வைத்துச் சொன்னார். கர்ப்பமாக இருப்பவர்களில் சிலருக்கு மட்டும் வருவதாம். கல்லீரலில் பித்தம் சரியாக வடியாமல் ரத்தத்தில் ஏறிவிடுமாம். தடிப்பே இல்லாத அரிப்பு — உள்ளங்கை, உள்ளங்கால் — ராத்திரியில் அதிகம். தாய்க்குப் பிரசவத்தோடு போய்விடும். அளவு மீறினால் உள்ளே இருப்பதற்குத்தான் ஆபத்து. அடுத்த தடவையும் வர வாய்ப்பு அதிகமாம்.

"ரத்தப் பரிசோதனையில தெரிஞ்சிருக்கும்மா. முன்கூட்டியே குழந்தைய எடுத்திருக்கலாம். எப்பலேர்ந்து அரிப்பு?"

எனக்குத் தெரியாதா? தேதியோடு தெரியும். ஏழாம் தேதி என்றேன். பதினோரு நாள்.

டாக்டரம்மா போனதும் குட்டி சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்: "நோட்டப் பார்த்த நேரத்துக்கு என்னப் பார்த்திருக்கலாம்லம்மா."

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மார்ச் 25

மருமகன் அவளை அழைத்துப் போய்விட்டார். வாசலில் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் இருந்தவர்கள்: நான், அவர்.

ஏப்ரல் 2

எனக்கு ஏன் அவ்வளவு நிச்சயம்? போன் போடட்டுமான்னு கேட்டாளே — போடுன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையே எனக்கு. கடவுளே, தினம் உன் முன்னால உட்கார்ந்தேனே, ஒரு நாளாவது என் கையைத் தட்டிவிட்டிருக்கக் கூடாதா?

நோட்டை அடுப்பில் போடப் போனேன். அவர் பிடுங்கிக்கொண்டார். "தலையத் தூக்காம சரின்னு சொன்னவன் நான். பாதிய எங்கிட்ட குடு" என்றார். அவர் அழுது இன்றுதான் பார்த்தேன்.

ஏப்ரல் 20

சின்னத் துணி 9. மடித்து மேல் அலமாரியில். வேறு ஒன்றும் எழுத வரவில்லை.

ஜூன் 11

குட்டி இன்றும் போன் எடுக்கவில்லை.

பிப்ரவரி 8 (வருடம் மாறிவிட்டது, நோட்டு அதே)

சம்பந்தியம்மா போன் செய்தார். குட்டிக்கு ஏழாம் மாதம் நடக்கிறதாம். என்னிடம் மட்டும் சொல்ல வேண்டாம் என்றாளாம். "மனசு கேக்கல, சொல்லிட்டேன். நான் சொன்னதா காட்டிக்காதீங்க" என்றார்.

சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் பயம்தான் வந்தது. டாக்டரம்மா சொன்னதை அவளும் கேட்டாள்தான். மறந்திருக்க மாட்டாள். இருந்தாலும் — பக்கத்தில் என்னைப் போல ஒருத்தி காரணம் கண்டுபிடித்துக் கொடுத்தால்?

பிப்ரவரி 9

சம்பந்தியம்மாவைக் காட்டிக் கொடுத்தாயிற்று. வேறு வழி இல்லை. காலையில் அனுப்பியதை இங்கே பார்த்து எழுதி வைக்கிறேன்:

"குட்டிமா, நீ என்னோட பேச வேண்டாம். மன்னிக்கவும் வேண்டாம். உள்ளங்கையோ காலோ அரிக்குதா, அதை மட்டும் சொல்லு. அரிச்சா, யார் என்ன காரணம் சொன்னாலும் கேக்காதே, நானே சொன்னாலும் கேக்காதே. அன்னைக்கே டாக்டர்கிட்ட போ. ஆமா, இல்ல, ஒரு வார்த்தை போதும். சீக்கிரம் பதில் போடு."