பொத்தான் போடத் தெரிந்த பிள்ளை

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். தம்பியும் சுகம் என்று வழக்கம்போல ஒரு வரி சேர்க்கத்தான் பேனாவை எடுத்தேன், அந்த வரியை எழுதி எழுதித்தான் இந்த நிலைமைக்கு வந்திருக்கிறோம், அதனால் எழுதவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. கடையில் பள்ளிச் சீருடை மலையாகக் குவிந்து கிடக்கிறது, ஊசியில் நூல் கோக்கவே கண் தெரியவில்லை, கண்ணாடி இன்னும் மாற்றவில்லை, நீ திட்டுவதற்கு முன்னால் நானே ஒப்புக்கொண்டுவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். மனநோய் உள்ளவர்களுக்கு அரசாங்கம் தரும் உதவியில் தம்பிக்கு ஒரு துணையாள் வாரம் நாலு நாள் காலையில் வந்துகொண்டிருந்தார் இல்லையா. தண்ணீருக்குள் யாரோ பேசுகிறார்கள், குளிக்கவே மாட்டேன் என்று கிடந்தவனை, அந்த மனுஷன் குளியலறை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, காது கொடுத்துக் கேட்கமுடியாத குரலில் பாட்டுப் பாடியே இரண்டு வருஷத்தில் குளிக்கப் பழக்கிவிட்டார். போன மாதம் மறுபடி பரிசோதிக்க வேண்டும் என்று ஆபீசில் கூப்பிட்டார்கள். நாலு பேர் இருக்கும் இடத்துக்குப் போகிறோம், பிள்ளை லட்சணமாக இருக்க வேண்டாமா, புதுச் சட்டை தைத்தேன். மாத்திரையால் அவன் விரல் நடுங்குகிறது, பொத்தானை ஓட்டைக்குள் தள்ள வராது, இதை உன்னிடம் நான் சொன்னதில்லை. அதனால் உள்ளே பிரஸ் பட்டன் வைத்து, மேலே வெறும் அழகுக்கு ஏழு பொத்தானைத் தைத்து மூடிவிட்டேன். தைத்த என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. சவரமும் நானே பண்ணிவிட்டேன். கேட்ட கேள்விக்குப் பட்டென்று பதில் சொல்லு, முழிக்காதே என்று வழியெல்லாம் பாடம் எடுத்தேன்.

அந்த அதிகாரி கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சமைப்பியா என்றார், சமைப்பேன் சார் என்றான். உன் அம்மா மூன்று வருஷமாக அவன் பற்றவைத்துவிடுவானோ என்று பயந்து கேஸ் அடுப்பின் திருகைக் கழற்றித் தலையணை உறைக்குள் போட்டுக்கொண்டு தூங்குகிறாள், நானோ பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், பையன் நன்றாகப் பதில் சொல்கிறானே என்ற பெருமை வேறு. பத்து நிமிஷத்தில் முடிந்தது. எழுந்தபோது ஒரே ஒரு தரம் அவனை மேலும் கீழும் பார்த்தார். இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. உடை நேர்த்தியாக உள்ளது, பொத்தான்கள் சரியாகப் போடப்பட்டுள்ளன, அன்றாடத் தேவைகளுக்குப் பிறர் உதவி அவசியமில்லை, துணையாள் நிறுத்தப்படுகிறார். சீ, இதுவும் ஒரு பரிசோதனையா? ஒரு பொத்தானைக் கழற்றிப் போடச் சொல்லியிருந்தால் தெரிந்திருக்குமே. என் கை வேலையை வைத்தே என் பிள்ளையின் கழுத்தை அறுத்துவிட்டார்கள்.

மேல்முறையீட்டு மனு கொடுக்கப் போனோம். அதை வாங்கின ஆபீஸ் அம்மா நல்ல மாதிரிதான், குரலைத் தாழ்த்தி, அடுத்த தடவை ஒரு வாரம் குளிக்க வைக்காம, கிழிஞ்ச சட்டையோட கூட்டிட்டு வாங்கய்யா, அங்க ரெண்டு சத்தம் போட்டான்னா இன்னும் நல்லது என்றார். நல்லது நினைத்துச் சொன்னார், அதுதான் இன்னும் அருவருப்பாக இருக்கிறது. தம்பி என் முதுகுக்குப் பின்னால்தான் நின்றிருந்தான். அன்றிலிருந்து ஆறு நாள் உடம்பில் தண்ணீர் படவில்லை. கடைக்கு வந்து, நான் இப்ப நல்லா இருக்கணுமாப்பா, மோசமா இருக்கணுமா, எது வேணும்னு சொல்லு, அப்படியே இருந்துடறேன் என்றான். கத்தரிக்கோலை வைத்துவிட்டுத் தெருவில் போய் நின்றேன்.

என் மேலேயும்தான் எனக்கு வெறுப்பு. அவர்கள் மேலோட்டமாகப் பார்த்தார்கள் என்று திட்டுகிறேனே, மேலோட்டத்தை மட்டும் ஊருக்குக் காட்டினவன் யார்? தம்பி வெளியூரில் வேலை பார்க்கிறான் என்று உன் மாமியார் வீட்டில் பொய் சொல்லித்தானே உன் கல்யாணத்தை முடித்தேன். நீயும் அதையே இன்றைக்கு வரைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாய், வாயை அடைத்தவன் நான். போதும் அம்மாடி. அழுக்கோடு அவனைக் கூட்டிப்போய்க் காட்ட மாட்டேன். இருபதாம் தேதி விசாரணை. அதே சட்டையைப் போட்டுக் கூட்டிப்போய், அங்கேயே கழற்றி உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டப் போகிறேன். திருகு இருக்கும் தலையணை உறையை எடுத்துக்கொண்டு அம்மாவும் வருகிறாள்.

நீ செய்ய வேண்டியது ஒன்று. வீட்டில் கூட இருந்தவர்கள் பார்த்ததை எழுதிக் கொடுக்கலாமாம். அவன் முகம் பார்க்கும் கண்ணாடிகளையெல்லாம் போர்வை போட்டு மூடியது, உன்னையே யார் நீ என்று கேட்டது, எல்லாம் நேரில் பார்த்தவள் நீதான். ஒன்று விடாமல் எழுது, சாட்சியாக மாப்பிள்ளையிடம் கையெழுத்து வாங்கு. அதற்கு முதலில் அவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கும், கஷ்டம்தான், கோபம் வந்தால் பழியை என் மேல் போடு.

குழந்தையைக் குளிரில் வெளியே கொண்டுபோகாதே. எங்கே இருந்தாலும் மனசு தைரியத்தோடு நன்றாக இரு, எங்கள் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு. இருபதாம் தேதிக்கு முன்னால் கிடைக்க வேண்டும், மறக்காதே. அக்கா கட்டாயம் எழுதுவாள் என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன். அதை நம்பித்தான் இன்றைக்குக் குளித்தான்.

உன் அப்பா