நீண்டு போய்த் தொட்ட இழை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

முதலில் நல்ல செய்தி. பழ ஈயின் புழுவுக்குள், பின்னால் சிறகாகப் போகிற துளித் திசுவைத்தான் நான் ஆராய்கிறேன் என்று சொன்னேன் அல்லவா? அதில் தள்ளித் தள்ளி இருக்கும் செல்கள் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பதுதான் கேள்வி. மெல்லிய இழையை நீட்டித் தொட்டுச் சேதி வாங்குகின்றன என்றேன் நான். "அதெல்லாம் தூசிம்மா, விட்டுடு" என்றார் பேராசிரியர். திசு கெடாமலிருக்க ஊற்றும் மருந்தே இழைகளை அழித்துவிடுகிறதோ என்று எனக்குச் சந்தேகம். செவ்வாய்க்கிழமை மருந்து ஊற்றாமல், உயிரோடு வைத்துப் பார்த்தேன். அம்மா, ஒரு செல்லிலிருந்து இழை நீண்டது, தடுமாறியது, தூரத்துச் செல்லைத் தொட்டேவிட்டது! சேதி கண்ணுக்குத் தெரியட்டும் என்று அதில் நாங்கள் ஏற்றியிருந்த பச்சை ஒளி அந்த இழை வழியே ஊர்ந்து வந்தது.

பேராசிரியரைக் கூப்பிட ஓடியதில் படியில் சறுக்கி, கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. பயப்படாதே, வீக்கம் வற்றிவிட்டது. அவர் வந்து நுண்ணோக்கியில் வெகுநேரம் கண்ணை எடுக்காமல் பார்த்தார். "அடேயப்பா! நான்தான் தப்பா சொல்லிட்டேன். இன்னும் ஒரு வருஷம் இருந்து முடிச்சுட்டே போம்மா" என்றார். யோசிக்காமல் சரி என்றுவிட்டேன்.

அதனால் இந்த வருஷம் வர முடியாது. அப்பா சாப்பிட்டு முடித்த பிறகு சொல். காலில் கட்ட உன் பழைய புடவையில் ஒரு துண்டு அனுப்பு. இங்கே கடையில் கட்டுத்துணி கிடைக்கிறது; இருந்தாலும் அனுப்பு.

புழுக்களுக்குத் தீனி வைக்க வேண்டும், ஓடுகிறேன். இல்லை, மெதுவாகத்தான் நடக்கிறேன்.

உன் சின்னவள்