பட்டினத்தில் இறங்கிவிட்டான்

தை மாதம், புதன்கிழமை.

மகன் குமாருக்குக் கப்பலில் வேலை. இன்று ஒரு பகல் மட்டும் கரையில் இருக்கலாம். "யாரும் வர வேணாம்மா, நானே பஸ்ல வந்துடறேன்" என்றான். மீன் குழம்பு வைத்துக் காத்திருந்தேன். வழியில் பட்டினத்தில் தன் மாமியார் வீட்டில், பிறந்த குழந்தையைப் பார்க்க இறங்கிவிட்டானாம்.

குழம்பைத் தூக்கில் ஊற்றிக்கொண்டு நானும் தனியாகவே பஸ் ஏறினேன். வளைகாப்பன்று என்னைக் கூப்பிடாமல் பந்தி போட்ட வீடு அது. தெருவிலேயே நின்றேன்.

"உள்ள வாங்க சம்மந்தி."

"எம்புள்ளைய அனுப்புங்க. வீட்டுல வந்து சாப்பிடட்டும்."

குமார் குழந்தையோடு வந்தான். "நேரமில்லம்மா. கப்பலுக்குத் திரும்பணும். இங்கயும் இன்னும் சாப்பிடல."

பட்டினியாக அனுப்ப முடியாது. உள்ளே போனேன். சம்மந்தி தன் குழம்புச் சட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு, கரண்டியை என்னிடம் கொடுத்தாள். என் குழம்பை ஊற்றினேன். மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

அவள் நீட்டிய தண்ணீரை நான் குடிக்கவில்லை. எங்கள் ஊர் விழிதியூர் வந்துதான் குடித்தேன்.

தூக்கை அங்கேயே மறந்துவிட்டேன். அதை அவள் வெறுமையாகக் கொடுத்தனுப்ப மாட்டாள். என்ன வைத்து அனுப்புவாளோ. அதைத் தின்பதா, வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.