நீ சாப்பிட்டு நான் பார்த்ததில்லை

நம் மகன் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. ஆறு மாதத்துக்கு முன்னால் எனக்கும் சர்க்கரை என்று தெரிந்தபோது, இங்கே கேளம்பாக்கத்தில் டாக்டரம்மா கொடுத்தது. வட்டமாக ஒரு தட்டு வரைந்து, பாதிக்குக் காயும் கீரையும், கால் பங்குக்கு மீனோ முட்டையோ சுண்டலோ, மிச்சக் கால் பங்குக்குத்தான் சோறு என்று கலர் கலராகப் போட்டிருக்கிறார்கள். தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அது கண்ணில் படும். நேற்று அதன் முன்னால் அப்படியே நின்றுவிட்டேன். உன் தட்டில் எது எவ்வளவு இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றுமே தோன்றவில்லை. மறந்து போயிருந்தால்கூடப் பரவாயில்லை. இருபத்திநாலு வருஷம் குடித்தனம் நடத்தியும் உன் தட்டை நான் பார்த்ததே இல்லை.

உனக்கு வியாதி தெரிந்தது பெரியவன் ஏழாவது படிக்கும்போது. செங்கல்பட்டில் ரயில்வே லைனை ஒட்டி வாடகைக்கு இருந்தோம். நீ குடம் குடமாய்த் தண்ணீர் குடித்தாய், உட்கார்ந்த இடத்திலேயே கண் அசந்தாய். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு உன்னிடம் பேசவில்லை, என்னிடம்தான் பேசினார். “சோத்தைக் குறைக்கணும். வேளைக்கு ஒரு சின்னக் கப்பு, அவ்வளவுதான். காய், கீரை, முட்டை, மீனு, இதுல வயிறு ரொம்பட்டும். சோறும் உள்ள போனா சர்க்கரைதான்.” நான் பெரிய மனுஷன் மாதிரித் தலையை ஆட்டினேன். வரும் வழியில் ஒரு எவர்சில்வர் கப்பு வாங்கி உன் கையில் கொடுத்தேன். என் கடமை அதோடு முடிந்தது.

பிறகு நான் பண்ணின காவல் வேலை இருக்கிறதே! மறைமலைநகர் கம்பெனியில் நூலளவு பிசகினாலும் பீஸைத் தூக்கி எறிகிற இன்ஸ்பெக்‌ஷன் ஆள் அல்லவா நான். அதே மிடுக்கோடு சர்க்கரை டப்பாவையும் வெல்லத்தையும் பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவி என் இடுப்பில். பிள்ளைகளுக்குக் காப்பி போட நீ என்னிடம் வந்து கை நீட்ட வேண்டும். “இன்னா மாமா, என்னைத் திருடின்னு நெனச்சிட்டியா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டாய். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் அப்படித்தான் நினைத்தேன்.

ஏனென்றால் ஒவ்வொரு மாதமும் அளவு ஏறித்தான் வந்தது. மாத்திரை கூடியது. அப்போதும் இறங்கவில்லை. இவள் எங்கேயோ இனிப்பை அமுக்குகிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

கடப்பாக்கத்தில் உன் அம்மா வீட்டுக்கு ஆடி மாதம் திருவிழாவுக்குப் போனோமே, அந்தக் கூத்தை நீ மறந்திருக்க மாட்டாய். உன் தம்பி உன் கையில் ஒரு அதிரசத்தை வைத்தான். நீ அதை விண்டு பாதியைச் சின்னவளுக்குக் கொடுத்துவிட்டு மீதியை வாய்க்குக் கொண்டுபோனாய். கூடத்தில் அத்தனை பேர் இருக்கிறார்கள். நான் எழுந்து வந்து வெடுக்கென்று பிடுங்கினேன். “இதான் சங்கதி! இப்படித் திருட்டுத்தனமாத் துன்னா எங்கேர்ந்து கொறையும்?”

உன் தம்பி, “வுடு மச்சான், நல்ல நாளு, அரைத் துண்டுதானே, அக்கா துன்னட்டும்” என்றான். “நீ சும்மா கெட, வைத்தியம் பாக்குறவன் நான்” என்றேன். உன் அத்தைகள் சிரித்தார்கள். நீ கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாய். ஊர் திரும்பும் பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. தப்புப் பண்ணினவள், வாயடைத்துப் போனாள் என்று நினைத்தேன். என்ன ஜென்மம் நான்!

ஒரு நாள் கம்பெனியில் மெஷின் நின்று போய், மத்தியானமே எங்களைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குள் நுழையும்போது மணி இரண்டரை இருக்கும். நீ அடுப்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாய். மடியில் சோற்றுப் பானை. தட்டுகூட இல்லை. குழம்புச் சட்டியில் கொஞ்சம் சோற்றைப் போட்டு வழித்து, பிசைந்து பிசைந்து பெரிய உருண்டையாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். நான் வாங்கிக்கொடுத்த கப்பு அலமாரியின் மேல் தட்டில் கவிழ்ந்து கிடந்தது.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. “அடிப்பாவி! டாக்டர் இன்னா சொன்னாரு, நீ இன்னா பண்ணிகினு கீற? பானையோட துன்றியே!” என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

நீ எழுந்திருக்கவில்லை. கத்தவும் இல்லை. சட்டியை என் பக்கம் சாய்த்துக் காட்டினாய்.

“பாரு மாமா. இதுல மீனு கீதா? காலைல வாங்கினது நாலு துண்டு. உன் கேரியர்ல ரெண்டு, புள்ளைங்க டப்பாவுல ஆளுக்கு ஒண்ணு. பொரியலும் மூணு டப்பாவோட சரி. மிஞ்சினது சோறுதான். நான் இன்னாத்தத் துன்றது?”

“சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா? உன் துண்ட எனக்குக் குடுப்பியா?”

நான் கை கால் கழுவுகிற சாக்கில் கொல்லைப் பக்கம் போய்விட்டேன்.

அந்தப் பானையில் ஏன் எப்போதும் சோறு மிஞ்சியது என்பதும் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. கல்யாணமான புதிதில் ஒரு நாள் மறுசோறு கேட்டேன், பானை காலி. ‘ஒரு மனுஷனுக்கு வயிறாரச் சோறு போடத் துப்பில்ல’ என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனேன். அதற்குப் பிறகு ஒரு நாளும் நீ அளவாக வடிக்கவில்லை. எனக்குப் பத்தாமல் போய்விடுமோ என்று பயந்து ஒரு பிடி அரிசி கூடவே போட்டாய். மிஞ்சியதைக் கொட்ட உனக்கு மனசு வராது. மத்தியானம் அதுதான். ராத்திரி மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலை நாஸ்தாவும் அதுதான். நான் பூட்டி வைத்த வெல்லம் பீரோவில் கட்டியாகிக் கிடந்தது. உன்னைத் தின்ற சர்க்கரை என் பசிக்காக வடித்த பானையில் இருந்தது.

இதெல்லாம் தெரியாமல் செய்தது என்று உன்னிடம் மன்னிப்புக் கேட்டுவிடலாம். கேட்க முடியாதது அதற்குப் பிறகு நடந்தது.

மறுநாளிலிருந்து முட்டை வாங்கினேன். கீரைக்காரியை வாசலிலேயே நிறுத்தினேன். சுண்டல் ஊறப்போடச் சொன்னேன். மீன் எட்டுத் துண்டாக வந்தது. ராத்திரி நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்தோம். நீ கூச்சப்பட்டு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டாய். இருபது நாள் இருக்குமா? அடுத்த சோதனையில் அளவு மளமளவென்று இறங்கியிருந்தது. டாக்டர் ஆச்சரியப்பட்டார். கம்பெனி பஸ்ஸில், ‘நான்தான் கன்ட்ரோலுக்குக் கொண்டாந்தேன்’ என்று பீற்றிக்கொண்டேன்.

அப்புறம் ஓவர்டைம் வந்தது. அலுத்துப்போய் வருவேன். நீ பொரித்து முடித்து, எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு வந்து உட்காரும்வரை எனக்குப் பொறுமை இல்லை. ஒரு நாள், “பசி உயிர் போவுது, மொதல்ல எனக்குப் போடு. நீ அப்பால துன்னுக்கோ” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். நீ ‘சரி மாமா’ என்றாய். மறுநாள் நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. மீன் வாங்குகிறதையும் உன்னிடமே விட்டுவிட்டேன், எட்டுத் துண்டு மறுபடி நாலாயிற்று. அளவு ஏறியது. இந்தத் தடவை ஏன் ஏறுகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், டாக்டர் கேட்டபோது, “சொன்னபடிதான் சார் சாப்பிடுறா” என்று சொன்னேன். நீ என் முகத்தைப் பார்த்தாய்.

கடப்பாக்கத்துக் கடற்கரையில் உடைந்த கிளிஞ்சல் உன் காலில் குத்தின புண் ஆறவில்லை. இரண்டு விரலை எடுத்தார்கள். இரண்டு வருஷம் கழித்துச் சிறுநீரகமும் கெட்டுப்போயிற்று. உன் தம்பி வந்து வார்டு வாசலில் நின்று அழுதான். “அக்காவுக்கு வாய்க்கட்டு இல்ல மச்சான், நீ அப்பவே சொன்ன” என்றான். அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டேன். உன் வீட்டு ஆட்கள் இன்றுவரை உன் நாக்கைத்தான் குற்றம் சொல்கிறார்கள்.

இன்னொன்று இருக்கிறது. இதை நம் பிள்ளைகளுக்கும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் உனக்கு அவித்த முட்டை ஒன்று கொடுத்தார்கள். நான் வேலை முடிந்து நேராக வந்திருந்தேன். “வெறும் வயித்தோட வந்திருப்ப. எனக்கு எறங்கல, நீ துன்னு மாமா” என்று நீட்டினாய். நான் வாங்கித் தின்றேன். பசியாக இருந்தது, தின்றுவிட்டேன்.

எனக்குச் சர்க்கரை நன்றாக அடங்கிவிட்டது. போன வாரம் டாக்டரம்மா, “இந்த வயசுல இவ்வளவு கட்டுப்பாடா! எப்படிங்க?” என்று கேட்டார். என்ன கட்டுப்பாடு? நம் மருமகள் காலையில் ஆபீசுக்கு ஓடுவதற்குள் கூட்டு, பொரியல், மீன் என்று ஆக்கி வைக்கிறாள். முதல் தட்டு எனக்கு. நான் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். அளவு இறங்குகிறது.

நேற்று ஃபிரிட்ஜ் முன்னால் நின்றுவிட்டு வந்து வழக்கம்போல் உட்கார்ந்தேன். மருமகள் மீன் இரண்டு துண்டு வைத்தாள். “நீ சாப்பிட்டியாம்மா?” என்றேன். “நான் அப்புறமா சாப்பிட்டுக்கறேன் மாமா.” எழுந்து போய்ச் சட்டியைத் திறந்து பார்த்தேன். குழம்பு மட்டும்தான் இருந்தது.

“உக்காரு” என்றேன். சத்தமாகத்தான் வந்துவிட்டது. பயந்துபோய், “ஏன் மாமா, குழம்புல உப்பு தூக்கலா?” என்றாள். அவளுக்கு ஒரு தட்டை வைத்து, என் மீனில் ஒன்றை எடுத்து அதில் போட்டேன். பொரியலைப் பாதியாகப் பிரித்தேன். அறுபத்தொரு வயதில் முதல் தடவையாக ஒருத்திக்குப் பரிமாறினேன். கைக்குப் பழக்கமில்லை, கீழே சிந்திற்று. அவள் கூச்சத்தோடு சாப்பிட்டாள். நடுமுள்ளை முதலில் உருவி ஓரமாக வைத்துவிட்டு, மீனைச் சோற்றோடு சேர்க்காமல் தனியாகத் தின்கிறாள். அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ மீனை எப்படித் தின்பாய் என்று எனக்குத் தெரியவில்லையே, அம்மாடி.