இலுப்பூர்க் கூடத்துக் கண்ணாடி ஓடுகள்

நண்பனே,

இன்று காலை ஓடு மாற்ற வந்தவர் எங்கள் சமையலறைக் கூரையில் கண்ணாடி ஓடு ஒன்றைப் பதித்தார். அடுப்படியில் வெயில் சதுரமாக விழுந்ததும் எழுந்துபோய்ப் பல்பை அணைத்தேன். உன் நினைவு வந்துவிட்டது. நீ போய் நான்கு மாதமாகிறது. சாவுக்கு வந்திருந்தேன். பேச வேண்டியதைப் பேசத்தான் காலம் தப்பிவிட்டது.

இலுப்பூரில் பெண்களுக்குத் தையல் கூடம் கட்டினோமே, அந்த ஊருக்குக் கரண்டு வந்த புதிது. கட்டடத்துக்குப் படம் வரைந்தவன் நீ. மாதம் எத்தனை யூனிட் ஓடும், என்ன செலவாகும் என்று கணக்குப் போட்டவன் நான். ஓட்டுக் கூரையில் நான்கு கண்ணாடி ஓடுகள் காட்டியிருந்தாய்.

"கரண்டு வந்த ஊர்ல இது எதுக்குப்பா? பாக்கிறவங்க சிரிப்பாங்க" என்று சிவப்பு மையால் அடித்தேன்.

"தையல் பகல்லதானப்பா நடக்கும். பல்பு பகல் பூரா எரிஞ்சா ஒன் கணக்கு என்னாகும்?" என்றாய்.

அந்தியில் இரண்டு மணி நேரம் எரிந்தால் போதும் என்று எழுதினேன். அப்போது எனக்குத் தலைக்கனம் அதிகம்.

முதல் பில் என் கணக்கைப்போல மூன்று மடங்கு வந்தது. நம் ஆபீஸ் அதிகாரி நம் இருவரையும் கூப்பிட்டு, "வெளிச்சமே வராம யாருய்யா படம் போட்டது?" என்றார். நான் அடித்த பிறகு நீ திருத்தி வரைந்த படம் அது. அதில் உன் கையெழுத்து மட்டும்தான் இருந்தது. நீ என்னை ஒருமுறை பார்த்தாய். பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்த சமயம். நான் ஃபைலையே பார்த்துக்கொண்டு நின்றேன். உன்னை அறந்தாங்கிக்கு மாற்றினார்கள்.

அடுத்த மாதம் பில் என் கணக்குக்கே இறங்கியது. அதிகாரி என்னைப் பாராட்டினார். காரணம் புரியாமல் இலுப்பூர் போனேன். கூடத்துத் தரையில் நான்கு வெயில் சதுரங்கள்.

"ஒங்ககூட வேலை பார்த்த சார்தாங்க" என்றார் தையல் டீச்சர். "ஞாயித்துக்கிழமை ஓட்டோட வந்து, ஏணி வாங்கி அவங்களே ஏறி வெச்சாங்க. கணக்குப் போட்டவன் பேரு கெட்டுடக் கூடாதும்மான்னாங்க."

பாராட்டை வைத்துக்கொண்டேன். பதவி உயர்வையும் வாங்கிக்கொண்டேன். அறந்தாங்கி பஸ்ஸில் ஒருநாளும் ஏறவில்லை. வேலை அதிகம் என்று எனக்கே சாக்குச் சொல்லிக்கொண்டேன். உன் முகத்தைப் பார்க்கப் பயந்தேன் என்பதுதான் உண்மை.

இப்போதெல்லாம் எந்தக் கட்டடத்துக்குக் கணக்குப் போட்டாலும் பகல் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று முதலில் பார்க்கிறேன். பிறகுதான் பல்பை எண்ணுகிறேன். ஆபீசில் எல்லோரும் அதை என் முறை என்கிறார்கள். உன்னுடையது என்று அவர்களிடம் நான் இன்னும் சொல்லவில்லை.